‘நோம்பி’க்கு இங்கிலீஷ்ல என்னங்க? - பண்டிகையும் பலகாரமும் சொல்லித்தரும் ஆங்கிலம்!

காலை 7.10 மணி. மேட்டுப்பாளையம் ரயில் நிலையத்திலிருந்து ஊட்டி மலை ரயில் கிளம்புகிறது. வெளிநாட்டுப் பயணி ஒருவர் ஜன்னல் வழியே கையசைத்து, ‘உன் பெயர் என்ன?’ என்று ஒரு சிறுமியிடம் ஆங்கிலத்தில் கேட்டால், பதில் டக்கென்று வந்துவிடும். அது பள்ளியில் மனப்பாடம் செய்தது. ‘இன்னைக்கு உங்க ஊர்ல என்ன விசேஷம்? எல்லார் கையிலும் பூ இருக்கே!’ என்று அடுத்த கேள்வி வந்தால் மட்டும் வாய் பூட்டிக்கொள்ளும். பதில் அவளுக்கு நன்றாகவே தெரியும். அதைச் சொல்ல ஆங்கிலம்தான் வராது.

மேட்டுப்பாளையம், காரமடை, சிறுமுகை பக்கத்து வீடுகளில் பெற்றோர் அடிக்கடி சொல்லும் வருத்தம் இதுதான். ‘ஏ ஃபார் ஆப்பிள்னு கடகடன்னு ஒப்பிக்கிறா. ஆனா, ஒரு வாக்கியம் சேர்த்துப் பேச வரமாட்டேங்குதுங்க!’

காரணம் எளிமையானது. அவள் ஒப்பிப்பது அவளுடைய உலகம் இல்லை. ஆப்பிளைவிட அவளுக்கு வாழைத்தாரும், பாக்கு மரமும், கருவேப்பிலைக் காடும்தான் நெருக்கம். பாடப் பாட்டில் பனி பொழிகிறது. அவள் வீட்டு வாசலிலோ ஆவாரம்பூ காப்பு கட்டியிருக்கிறது.

‘இஸ்கூல்’ சொல்வது நம் குழந்தைகள் மட்டுமா?

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் ஸ்பானிஷ் மொழி பேசும் குடும்பத்துக் குழந்தைகளும் இதே கதவைத்தான் தட்டுகிறார்கள். நம் ஊர் ஆத்தாக்கள் ‘ஸ்கூல்’ என்பதை ‘இஸ்கூல்’ என்று சொல்வதைப் போல, அவர்கள் ‘எஸ்கூல்’ என்பார்கள். சொல்லின் தொடக்கத்தில் ‘ஸ்க்’ என்று இரண்டு மெய்யெழுத்துகள் சேர்ந்து வருவது இரு மொழியின் இயல்புக்கும் ஒத்துவராது. அதனால், முன்னால் ஓர் உயிரெழுத்தைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறோம்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. ஸ்பானிஷ் பெரும்பாலும் எழுதியபடியே படிக்கப்படும் மொழி. தமிழிலும் எழுத்துக் கூட்டிப் படித்தால் சொல் வந்துவிடும். இப்படிப் பழகிய குழந்தைக்கு, எழுத்து ஒன்றாகவும் உச்சரிப்பு வேறாகவும் இருக்கும் ஆங்கிலம் குழப்பத்தைத் தரத்தான் செய்யும். அது குழந்தையின் மந்தம் இல்லை, மொழியின் குணம்!

வேற்றுமைகளும் சுவாரஸ்யமானவை. ‘நான் பொங்கல் சாப்பிடுகிறேன்’ என்று வினைச்சொல்லைக் கடைசியில் வைப்பது தமிழ். ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் ‘நான் சாப்பிடுகிறேன் பொங்கல்’ என்ற வரிசைதான். இங்கே நம் குழந்தைகள் கொஞ்சம் கூடுதலாக உழைக்க வேண்டும். ஆனால், ‘சிவப்பு கார்’ என்பது ஆங்கிலத்திலும் அதே வரிசையில் ‘ரெட் கார்’தான். ஸ்பானிஷில் ‘கார் சிவப்பு’ என்று நிறம் பின்னால் வரும். இங்கே நம் குழந்தைகளுக்கு லாபம்.

மிட்டாய் கற்றுத் தந்த பாடம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசான் என்றொரு நகரம். மெக்ஸிகோ எல்லைக்கு அருகில் இருப்பதால், ஸ்பானிஷ் பேசும் தொழிலாளர் குடும்பங்கள் அங்கே அதிகம். ‘இந்தக் குழந்தைகளின் வீட்டில் படிப்புச் சூழல் இல்லை’ என்பதுதான் பொதுவான பேச்சாக இருந்தது. அரிசோனா பல்கலைக்கழகத்தின் லூயிஸ் மோல் என்ற கல்வியாளரும் அவருடைய குழுவினரும் அதை அப்படியே ஏற்கவில்லை. ஆசிரியர்களை மாணவர்களின் வீடுகளுக்கே அனுப்பினார்கள். குறை கண்டுபிடிக்க அல்ல. அந்த வீட்டினருக்கு என்னென்ன தெரியும் என்று கற்றுக்கொள்ள!

விவசாயம், கட்டட வேலை, கைவைத்தியம், சமையல், வியாபாரம் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அறிவுச் சேமிப்பு இருப்பது தெரிந்தது. ஒரு மாணவன் மெக்ஸிகோ மிட்டாய்களை அக்கம்பக்கத்தில் விற்று வந்தான். அதை அறிந்த ஆசிரியை மிட்டாயையே வகுப்பின் பாடமாக்கினார். அதில் என்னென்ன சேர்கிறது, எப்படித் தயாராகிறது என்று பிள்ளைகளே ஆராய்ந்தார்கள். இந்த அனுபவங்களை 1992-ல் மோல் குழுவினர் கட்டுரையாக வெளியிட்டனர். இன்றும் உலகம் முழுக்க ஆசிரியர் பயிற்சிகளில் அது பேசப்படுகிறது.

அந்த மாணவன் இடத்தில், காரமடை சந்தையில் அப்பாவோடு உட்கார்ந்து கருவேப்பிலைக் கட்டு விற்கும் சிறுவனை வைத்துப் பாருங்கள். எடை, விலை, சில்லறை, பேரம் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. இல்லாதது அவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் மட்டும்தான்.

தமிழ்நாட்டில் என்ன நடக்கிறது?

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் ஒரு பாடம். 2012-13 கல்வியாண்டிலிருந்து ஆங்கில வழிப் பிரிவுகளும் பல பள்ளிகளில் தொடங்கப்பட்டன. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் ஏற்பட்ட இழப்பைச் சரிசெய்ய, 2021-ல் ‘இல்லம் தேடிக் கல்வி’ வந்தது. தெருத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் பாடம் சொன்னார்கள். 2022-ல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில், முதல் மூன்று வகுப்புகளுக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு ஆகியவை ஆடல், பாடல், கதை, பொம்மலாட்டம் வழியாகக் கற்பிக்கப்படுகின்றன. அடுத்த ஆண்டு அது நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது.

ஆக, பள்ளி தன் பங்குக்கு ஒரு கதவைத் திறந்திருக்கிறது. மற்றொரு கதவு வீட்டில் இருக்கிறது. ‘எங்களுக்கே இங்கிலீஷ் தெரியாது. நாங்க எப்படிங்க சொல்லித் தர்றது?’ என்ற தயக்கம் அதை மூடி வைத்திருக்கிறது. கடன் வாங்கியாவது தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டால் ஆங்கிலம் தானாக வந்துவிடும் என்று நம்பி, பிறகு ஏமாறும் குடும்பங்களும் உண்டு. உண்மையில், வீட்டில் செய்ய வேண்டியதற்குப் பெரிய ஆங்கிலம் தேவையில்லை. ஒரு நோம்பி போதும்!

நான்கு நாள் பொங்கல், நான்கு பாடம்

கொங்கு நாட்டில் பண்டிகை என்றால் ‘நோம்பி’. பொங்கல் நோம்பியையே எடுத்துக்கொள்வோம்.

*காப்புக் கட்டு:* வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வாசலில் செருகுகிறோம். இங்கே நிறங்களையும் இடத்தைக் குறிக்கும் சொற்களையும் பழக்கலாம். இலை பச்சை, ஆவாரம்பூ மஞ்சள், பூளைப்பூ வெள்ளை. கூரையின் ‘மேல்’, கதவின் ‘பக்கத்தில்’, தோட்டத்தின் ‘உள்ளே’. தமிழில் ‘கூரையில்’ என்று சொல்லோடு ஒட்டிவிடுவது, ஆங்கிலத்தில் ‘ஆன் தி ரூஃப்’ என்று முன்னால் தனியாக வரும். புத்தகத்தில் குழப்பும் இந்த விஷயம், கையில் காப்பை வைத்துக்கொண்டு சொன்னால் மறக்காது.

*பொங்கல்:* அரிசி களைகிறோம், பால் ஊற்றுகிறோம், வெல்லம் போடுகிறோம், கிளறுகிறோம். எல்லாமே வினைச்சொற்கள். ‘வாஷ், போர், ஆட், ஸ்டிர்’. பால் பொங்கும்போது ‘தி மில்க் இஸ் பாயிலிங் ஓவர்!’ என்று ஒரு முறை கத்தினால் போதும், அடுத்த பொங்கல் வரை நினைவிருக்கும். அன்று இரவு ‘காலையில் என்ன செய்தோம்?’ என்று கேட்டால் அது இறந்தகாலப் பாடம். முந்தைய இரவே ‘நாளைக்கு என்ன செய்வோம்?’ என்று கேட்டிருந்தால் அது எதிர்காலப் பாடம்.

*பட்டிப் பொங்கல்:* பசு, எருமை, கன்று, ஆடு, கொம்பு, மணி, கயிறு. ‘நம்ம வெள்ளச்சி எப்படி இருக்கும்?’ என்று கேட்டு மூன்று வாக்கியம் சொல்ல வையுங்கள். பரீட்சையில் ‘பசு’ கட்டுரை தானாக வரும்.

*பூப்பறிக்கும் நோம்பி:* பலகாரத்தைக் கட்டிக்கொண்டு கூட்டமாகப் போய், பூப்பறித்து, கும்மியடித்துத் திரும்பும் நாள். யார் வந்தார்கள், எங்கே போனோம், என்ன சாப்பிட்டோம்? யார், எங்கே, என்ன, எப்போது என்ற நான்கு கேள்விச் சொற்களும் இங்கே சிக்கிவிடும்.

இதேபோல, ஆடி 18-க்குத் தூரி கட்டி ஆடும்போது ‘மேலே, கீழே, வேகமாக, மெதுவாக’ பழகலாம். மாரியம்மன் நோம்பியில் மாவிளக்குக்கு இடிக்கும்போது ‘எவ்வளவு, எத்தனை’ பழகலாம்.

அடுப்படியே அகராதி

தமிழ்க் குழந்தைக்கு ஆங்கிலம் புத்தம் புதிதல்ல. குக்கர், மிக்ஸி, கேஸ், ஃப்ரிட்ஜ், பஸ், டிக்கெட், லீவு என்று ஏற்கெனவே நிறைய சொற்கள் அதன் வாயில் இருக்கின்றன. வீட்டில் ஒரு சுற்று வந்து, தெரிந்த ஆங்கிலச் சொற்களை எண்ணச் சொல்லுங்கள். ‘இவ்வளவு எனக்குத் தெரியுமா?’ என்று கண் விரியும். பயம் பாதி போய்விடும்.

பிறகு அந்தச் சொற்களின் ஊர்சுற்றலைக் கதையாகச் சொல்லலாம். நீலகிரி உருளைக்கிழங்கு மூட்டை மூட்டையாக இறங்கும் மண்டிகள் மேட்டுப்பாளையத்தின் அடையாளம். அந்தக் கிழங்கு தென் அமெரிக்காவில் பிறந்தது. ஸ்பெயின்காரர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். ‘பொட்டேட்டோ’ என்ற ஆங்கிலச் சொல்லும் ஸ்பானிஷின் ‘பட்டாட்டா’விலிருந்து வந்ததுதான். ‘டொமேட்டோ’, ‘சாக்லேட்’ இரண்டும் மெக்ஸிகோ பழங்குடி மொழியிலிருந்து ஸ்பானிஷ் வழியாக ஆங்கிலத்துக்குப் போனவை. ஸ்பானிஷ் குழந்தை ஆங்கிலம் படிக்கும்போது, ‘இது எங்க வீட்டுச் சொல்லாச்சே!’ என்று சந்தோஷப்படும்.

நம் குழந்தைக்கும் அந்தச் சந்தோஷம் உண்டு. கட்டுமரம் ‘கேட்டமரான்’ ஆனது. சுருட்டு ‘ஷெரூட்’ ஆனது. மிளகுத்தண்ணி ‘முல்லிகட்டாவ்னி’ என்ற சூப்பாகி வெள்ளைக்காரர் மேசைக்குப் போனது. நாம் தினம் சொல்லும் ‘ஐயோ’கூட, 2016-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்குள் நுழைந்துவிட்டது. ஆங்கிலம் நம்மிடமும் கடன் வாங்கிய மொழிதான் என்று தெரிந்த குழந்தை, அதன்முன் கூனிக் குறுகாது.

சமையலறையில் சில கண்ணிகளும் உண்டு. சூட்டுக்கும் ‘ஹாட்’, காரத்துக்கும் ‘ஹாட்’. கொள்ளு ரசம் சூடா, காரமா என்று தெளிவாகச் சொல்ல, காரத்துக்கு ‘ஸ்பைசி’ என்று பழக்கலாம். ஒப்புட்டு, கச்சாயம், சந்தகை போன்ற பெயர்களை மொழிபெயர்க்கவே வேண்டாம். பிட்ஸாவை யாரும் மொழிபெயர்க்கவில்லையே! ‘ஒப்புட்டு என்பது உள்ளே பருப்பும் வெல்லமும் வைத்த இனிப்பு ரொட்டி’ என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் விளக்கத் தெரிந்தால் போதும். அதுதான் உண்மையான மொழித்திறன்.

மலை ரயிலும் ஒரு பாடப்புத்தகம்

எண்கள் பழக, வாசலிலேயே மலை ரயில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறத்தாழ 46 கிலோமீட்டர். வழியில் 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். 1899-ல் குன்னூர் வரை ஓடத் தொடங்கி, 1908-ல் ஊட்டியைத் தொட்டது. 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. கல்லாறிலிருந்து பல்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு ஏறும் அந்த ரயிலைப் பற்றி ஐந்து ஆங்கில வாக்கியங்கள் சொல்லத் தெரிந்த குழந்தை, ஊருக்கு வரும் யாரிடமும் தைரியமாகப் பேசும்.

பெற்றோர் கவனத்துக்கு...

* தினம் பத்து நிமிடம் போதும். ஒரு நாளைக்கு ஒரு தலைப்பு, மூன்று புதுச் சொற்கள், ஒரு வாக்கியம்.

* உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால், நீங்களே மாணவராகிவிடுங்கள். ‘இன்னைக்கு என்ன படிச்சே கண்ணு? எனக்கும் சொல்லிக் குடு’ என்று கேளுங்கள். சொல்லித் தருபவருக்குத்தான் பாடம் நன்றாகப் பதியும்.

* பேசும்போது பாதியில் நிறுத்தித் திருத்தாதீர்கள். ‘ஐ கோயிங் டெம்பிள்’ என்றால், ‘ஓ, யூ ஆர் கோயிங் டு தி டெம்பிளா?’ என்று சரியான வடிவத்தைத் திருப்பிச் சொன்னால் போதும். உறவினர் முன் கேலி மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு சிரிப்பு ஒரு வருடப் பேச்சை அடைத்துவிடும்.

* பள்ளியில் காலை உணவுக்கு உப்புமாவா, கிச்சடியா, பொங்கலா என்று கேட்டு, ருசியை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள்.

* தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேச வேண்டாம். தாய்மொழியே கல்விக்குச் சிறந்த அடித்தளம் என்று யுனெஸ்கோ 1953-லேயே சொல்லிவிட்டது. தமிழில் ஒரு கதையைக் கோவையாகச் சொல்லத் தெரிந்த குழந்தைக்கு, அதை இன்னொரு மொழிக்குக் கொண்டுபோவது சுலபம். சொல்ல விஷயமே இல்லாத குழந்தைக்கு எந்த மொழியும் உதவாது.

அடுத்த நோம்பிக்கு அப்புச்சி வீட்டுக்குப் போகும்போது இதைச் செய்து பாருங்கள். ‘ஏன் கண்ணு, நோம்பிக்கு இங்கிலீஷ்ல என்ன?’ என்று அப்புச்சி கேட்கட்டும். ‘ஃபெஸ்டிவல்’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடாமல், வாசல் காப்பில் தொடங்கி, பொங்கி வழிந்த பால், பட்டி மாடு, பறித்த பூ என்று குழந்தை திக்கித் திக்கி ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கட்டும். அப்புச்சிக்கு ஒரு சொல்கூடப் புரியாமல் போகலாம். ஆனால், பேத்தி சொல்வது தன் வீட்டுக் கதையைத்தான் என்பது அவருக்குப் புரியும்!