ஈரல் நோய் உள்ளவருக்குச் சர்க்கரை: வணிகர்கள் அறிய வேண்டியவை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து, 2023இல் வெளியான ஆய்வில், சர்க்கரை நோயில் கோவாவுக்கு (26.4 சதவீதம்) அடுத்த இடம் நம் புதுவை மாநிலத்துக்கு: 26.3 சதவீதம். பெரியவர்களில் நால்வருக்கு ஒருவர்! காரைக்காலில் மதுக்கடைகளுக்கும் குறைவில்லை. ஆகவே ஈரல் நோயும் சர்க்கரையும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதைக் கடைத்தெருவில் நாம் காண்கிறோம். மது தொடாதவருக்கும் ஈரலில் கொழுப்பு சேர்ந்து இந்நிலை வரலாம்.

ஈரல் நம் உடம்பின் கிட்டங்கி. உணவிலிருந்து வரும் சர்க்கரையை இருப்பு வைத்து, பசி நேரத்தில் ரத்தத்துக்கு அனுப்புகிறது. ஈரல் சுருங்கிப்போனால் இருப்பு வைக்கும் சக்தி குறைகிறது; இன்சுலினும் சரியாக வேலை செய்வதில்லை. எனவே சாப்பிட்டதும் சர்க்கரை ஏறும். பட்டினி கிடந்தால் இறங்கிவிடும்.

நமது வணிக நண்பர் ஒருவர் காலையில் வெறும் வயிற்றில் மட்டும் பரிசோதித்து, 100க்குள் இருக்கிறதென்று நிம்மதியாக இருந்தார். சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 200ஐத் தாண்டியிருந்தது. ஈரல் நோயாளிகள் இரு வேளையும் பார்ப்பது அவசியம். மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனையும், ரத்த சோகையோ மண்ணீரல் வீக்கமோ இருந்தால், உள்ளதைவிடக் குறைத்துக் காட்டக்கூடும்.

வியாபார மும்முரத்தில் மதியச் சாப்பாட்டை 3 மணிக்குத் தள்ளுவது நம் வழக்கம். மாத்திரை போட்டுக்கொண்டு இப்படிப் பட்டினி கிடந்தால் வியர்வை, நடுக்கம், பேச்சுக் குழறல் வரும். குடித்திருக்கிறார் என்று எண்ணி ஒதுங்கிவிடக் கூடாது. நினைவிருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவில்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். ஈரல் சுருக்கம் உள்ளவர்கள் நீண்ட நேரம் பட்டினி இருக்கலாகாது. படுக்குமுன் சிறிது ஆகாரம் நல்லது.

பக்கத்துக் கடைக்காரரின் மாத்திரையை வாங்கிப் போடும் பழக்கத்தை அறவே விடுவோம். பலரும் சாப்பிடும் மெட்ஃபார்மின்கூட, ஈரல் நோய் முற்றியவருக்கும் அதிகம் குடிப்பவருக்கும் ஆபத்தாகலாம். டாக்டர் இன்சுலின் எழுதினால் தயங்க வேண்டாம். மதுவை அடியோடு நிறுத்த வேண்டும்.

சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டரிடம் ஈரல் நோயையும், ஈரலுக்குப் பார்ப்பவரிடம் சர்க்கரையையும் மறைக்காமல் சொல்லுங்கள். சரக்கின் கணக்கில் ஒரு பக்கத்தை மறைத்தால் நஷ்டம் பணத்தோடு போகும். இதில் மறைத்தால் குடும்பம் அல்லவா தவிக்கும்!