ஆஸ்பென் தோப்புக்கு எதுக்கு வேலி?

செப்டம்பர் கடைசியில் கொலராடோவின் ராக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குப் போயிருந்தோம். மொரைன் பார்க்கில் கூடாரம். ராத்திரி முழுக்க யாரோ விசில் அடிக்கிற மாதிரி சத்தம். ஆண் எல்க் மான்கள் துணை தேடிக் குரல் கொடுக்கும் பருவம் அது. குளிரில் தூக்கம் போச்சு, ஆனால் கேட்க அலுக்கவில்லை.

மறுநாள் 12,183 அடி வரை ஏறும் டிரெயில் ரிட்ஜ் சாலையில் காரில் கிளம்பினோம். வழியெல்லாம் ஆஸ்பென் மரங்கள். ஒரு திட்டு முழு மஞ்சள், பக்கத்துத் திட்டு இன்னும் பச்சை. ஒரு திட்டில் இருப்பவை பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அதனால்தான் சேர்ந்தே நிறம் மாறுகின்றன.

திரும்பி வரும்போது பள்ளத்தாக்கில் சில தோப்புகளைச் சுற்றி ஆளுயர வேலி இருந்தது. எதுக்குன்னு பார்த்தால், ராத்திரி நாங்கள் ரசித்த அதே எல்க்தான் காரணம்! வேட்டையில் அழிந்துபோன எல்க்கை 1913-14இல் எல்லோஸ்டோனிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அதை வேட்டையாடும் ஓநாயோ அதற்குள் அங்கே ஒழிந்திருந்தது. எல்க் பெருகி, வேரிலிருந்து முளைக்கும் குருத்துகளை மேய்ந்து தீர்த்தன. கிழட்டு மரம் சாய்ந்தால் அந்த இடத்துக்கு வாரிசு கிடையாது.

நீங்கள் போனால் வேலிக்கு உள்ளேயும் வெளியேயும் தரையைப் பாருங்கள். இலையை அப்புறம் பார்க்கலாம்.