புதிய போதகரும் பழைய பாயும்

செங்கலடியிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், வயல்கள் சூழ அமைந்த ஊர் கரடியனாறு. யுத்த காலத்தில் சிதறிப் பின் மீண்டு வந்தோர் பலர் அங்கு வாழ்கின்றனர். அவ்வூர்ச் சிற்றாலயம் ஒன்றில் நான் நெடுங்காலம் சபைக் கணக்கு எழுதினேன். அதன் பெயரை இங்குக் கூறேன். சொல்லப்போகும் குறையில் எனக்கும் பங்குண்டு.

ஆலயத்தின் முன்னே இரு வரிசை வாங்குகள், பின்னே பாய். வாங்கிலே வயற்சொந்தக்காரர் அமர்வர்; பாயிலே அவர்தம் வயலில் கூலிக்கு வெட்டுவோர் அமர்வர். இப்படி அமர்க என்று எவரும் விதி எழுதவில்லை. எழுதாத விதியன்றோ நெடுநாள் நிலைப்பது! நான் ஆசிரியன் என்ற உரிமையில் முன்வாங்கில் இருந்தேன். அது என் நெஞ்சை உறுத்தவுமில்லை.

புதிதாக வந்த இளம் போதகர் முதல் வாரத்திலேயே அதைக் கண்டுகொண்டார்.

“மாஸ்டர், பாயை எடுத்துவிட்டு எல்லோருக்கும் கதிரை போடுவோமா?” என்றார்.

“போடலாம் ஐயா. ஆனால் கதிரையிலும் முன்வரிசை, பின்வரிசை உண்டே!” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “அப்படியானால் எங்கே தொடங்குவது?” என்று கேட்டார். அக்கேள்விக்கு விடையாக நான் கூறியது அசரியாவின் வரலாறு.

திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1909-இல் தெலுங்கு நாட்டுத் தோர்னக்கல்லுக்கு ஊழியராகச் சென்றார். தமிழரான அவர் தெலுங்கு கற்றார். தொடக்கத்தில் கூடாரத்தில் வசித்தார். 1912 டிசம்பர் 29-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சரானார். அவரது சபையாரிற் பெரும்பாலோர் மாலர், மாதிகர் என்னும் இரு வகுப்பினர். ஊரார் அவ்விருவரையும் ஒதுக்கினர். அவர்களோ ஒருவரையொருவர் ஒதுக்கினர். இரு வகுப்பாரும் ஒரே திருவிருந்தில் பங்குபெற வேண்டும் என்பதில் அசரியா உறுதியாய் நின்றார். ஞானஸ்நானம் பெறும் ஒவ்வொருவரும், பிறருக்கு நற்செய்தி சொல்வது தம் கடமையென்று அப்பொழுதே வாயால் ஏற்கச் செய்தார். நேற்றுவரை கேட்க மட்டுமே இடம் பெற்றிருந்த கூலியாள் அன்று சொல்வோனானான். தோர்னக்கல் பேராலயம் பிரதிஷ்டையானதோ 1939-இல். மனிதர் முதல், கட்டிடம் பிறகு.

“அவர் பல்லாண்டு அங்கிருந்தார். என்னைச் சில ஆண்டுகளில் மாற்றிவிடுவார்களே?” என்றார் போதகர்.

நியாயமான கேள்விதான். அதற்கு விடை எங்கள் மட்டக்களப்பிலேயே உண்டு. மெதடிஸ்த ஊழியரான வில்லியம் ஓல்ட் 1814-இல் அங்கு வந்தார். 1815 ஏப்ரலில் மறைந்தார். ஓராண்டும் நிரம்பவில்லை. ஆயினும் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பிக்கும் வழக்கத்தை அவர் தொடக்கிவைத்தார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை அந்த 1814-இலேயே காண்கிறது. தலைவர் போனபின்னும் மக்கள் கைவிடாத வழக்கம் எதுவோ, அதுவே அவர் சபைக்குத் தந்த பண்பாடு.

அடுத்த ஞாயிறு கதிரைகள் வரவில்லை. பிரசங்க வேளை வரும்வரை போதகர் பாயில் அமர்ந்திருந்தார். அதைப்பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பெரும்போக அறுவடைக் காலத்தில் களவெட்டிக்குச் சென்று, கூலியாட்களோடு அமர்ந்து உண்டார். சில வாரங்களின்பின், வெட்டுக்காரர் ஒருவரின் மகள் வேதபாடம் வாசித்தாள். எழுத்துக்கூட்டி, இடறி இடறி வாசித்தாள். முன்வரிசையில் இருவர் முகஞ்சுளித்தனர். ஒருவர் சில மாதம் ஆலயம் வரவேயில்லை. காணிக்கை குறைந்ததை என் கணக்கேட்டிலே நானே எழுதினேன். போதகரிடம் காட்டியபோது, “சரியாக எழுதுங்கள் மாஸ்டர்” என்றார், அவ்வளவே.

விடை கூறியவன் நானன்றோ? ஆயினும் நான் வாங்கைவிட்டு எழ ஏழு ஞாயிறு சென்றது. உபதேசிக்க நா விரைகிறது. எழுந்து நடக்கக் கால் தயங்குகிறது. மாற்றத்தை வேண்டும் தலைவர் முதலில் எதிர்கொள்வது பகைவரையன்று, என்போன்ற நண்பரையே.

வாங்குகள் இன்றும் அங்கேயே உள்ளன. சென்ற ஞாயிறு முன்வாங்கில், நாற்று நட்டு நட்டு இடுப்பு வளைந்த மூதாட்டி ஒருவர் அமர்ந்திருந்தார். பாயிலிருந்து எழ முயன்ற எனக்கு, அவருடைய பேரன் கைகொடுத்தான்.