பறக்காமல் நிற்கும் விமானத்துக்கே பராமரிப்பு அதிகம் தேவை

பழைய கார் வாங்கும்போது 'குறைவாக ஓடிய வண்டி' என்றால் நம்மவர்களுக்கு நம்பிக்கை கூடும். சிறு விமானத்தில் அந்தக் கணக்கு எடுபடாது. மாதக்கணக்கில் கொட்டகையில் நின்ற விமானம், வாரந்தோறும் பறக்கும் விமானத்தைவிட அதிக ஆபத்தை மறைத்து வைத்திருக்கலாம்.

முதல் எதிரி துரு. பயிற்சிக்குப் பரவலாகப் பயன்படும் செஸ்னா 172 விமானங்கள் பலவற்றில் லைகமிங் நிறுவனத்தின் இயந்திரம் பொருத்தப்பட்டுள்ளது. அதன் கேம் தண்டு இயந்திரத்தின் மேற்பகுதியில் இருப்பதால், விமானம் நின்ற சில நாளில் எண்ணெய் வடிந்து அத்தண்டு காய்ந்துவிடும். பிறகு ஈரக்காற்று தன் வேலையைக் காட்டும். ஈரப்பதம் மிகுந்த இடங்களில் புதிய இயந்திரத்தின் சிலிண்டர் சுவரில் இரண்டே நாளில் துரு தொடங்கலாம் என லைகமிங் எச்சரிக்கிறது. ஆண்டு முழுவதும் புழுக்கம் குறையாத மலேசியாவில் இதை அலட்சியப்படுத்த முடியாது.

தரையில் ஓடவிட்டால் போதுமா?

வாரம் ஒருமுறை இயந்திரத்தை முடுக்கி, பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தால் போதும் என்று சிலர் நினைக்கின்றனர். அதனால் தீமையே அதிகம். எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவியில் ஒரு பகுதி எண்ணெயில் சேர்கிறது. எண்ணெய் நன்கு சூடேறினால்தான் அந்த ஈரம் வெளியேறும். தரையில் எண்ணெய் போதிய அளவு சூடாவதில்லை. காற்றோட்டம் குறைவதால் சிலிண்டர்கள் மட்டும் அளவுமீறிச் சூடாகலாம்.

ஆகவே, 30 நாளுக்கு ஒருமுறையாவது, எண்ணெயின் வெப்பம் 74 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல் ஒரு மணி நேரம் தொடர்ந்து பறக்க வேண்டும். வடிகட்டி உள்ள இயந்திரத்தில் 50 மணி நேரப் பறப்புக்கு அல்லது 4 மாதத்துக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போது எண்ணெய் மாற்ற வேண்டும். நீண்ட காலம் பறக்க வழியில்லை என்றால், துருத்தடுப்பு எண்ணெய் ஊற்றி, ஸ்பார்க் பிளக் இருக்கும் இடத்தில் ஈரம் உறிஞ்சும் அடைப்பான்களைப் பொருத்தி, மற்ற துளைகளையும் மூடி வைப்பது முறை.

குளவிக் கூடும் கொல்லும்

1996 பிப்ரவரி 6-ஆம் நாள், டொமினிக்கன் குடியரசில் பெர்கன்ஏர் நிறுவனத்தின் போயிங் 757 விமானம் கடலில் விழுந்து 189 பேர் மாண்டனர். அவ்விமானம் ஏறத்தாழ மூன்று வாரங்கள் பறக்காமல் நின்றிருந்தது; அதில் ஒரு பகுதிக் காலமாவது வேகத்தை அளக்கும் குழாய்க்கு உறை போடப்படவில்லை. அந்தக் குழாய் அடைபட்டு, விமானிக்குத் தவறான வேகத்தைக் காட்டியது. அடைத்தது குளவி கட்டிய மண்கூடாக இருக்கலாம் என்று விசாரணையாளர்கள் கருதினர்.

சிறு விமானத்திலும் அதே குழாய்தான் வேகத்தைச் சொல்கிறது. நிறுத்தியதும் அதற்கு உறை போட வேண்டும். பறக்கும் முன் மறக்காமல் கழற்ற வேண்டும். எரிபொருள் தொட்டியின் அடியிலிருந்து சிறிது வடித்துப் பார்ப்பதும் அவசியம். பெட்ரோலைவிடக் கனமான நீர் அடியில் தங்கும் என்பதால், கலந்திருந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இயந்திர மூடிக்குள் பறவைக் கூடு, டயர், பிரேக், பேட்டரி ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும்.

விமானத்தை வாங்குவோரும் வாடகைக்கு எடுப்போரும் அது எத்தனை மணி நேரம் பறந்தது என்பதோடு, கடைசியாக எப்போது பறந்தது என்றும் பதிவேட்டைப் பார்த்துக் கேட்க வேண்டும். நெடுநாள் நின்றதென்றால், உரிமம் பெற்ற பொறியாளர் சோதித்த பிறகே அதில் ஏற வேண்டும்.