ரேஸ் ஓட்ட ஆசையா? உடைந்தாலும் குடும்பம் உடையாத காரை வாங்குங்க!

2 லட்ச ரூபாயை வைத்துக்கொண்டு கார் பந்தயத்தில் இறங்க முடியுமா? வாலிபர்களுக்கு ஒரு கணக்கு

திருவண்ணாமலை:-

மாவட்ட கலெக்டர் ஆபீஸ் இருக்கும் வேங்கிக்கால் வழியாக வேலூர் ரோடு போகிறது. பகலெல்லாம் பஸ், லாரி, ஆட்டோ என்று ஒரே நெரிசல். ராத்திரி ரோடு காலியானால், ஸ்டியரிங் பிடித்த எந்த வாலிபனுக்கும் கால் துறுதுறுக்கும். ஒரு அழுத்து அழுத்திப் பார்க்கத் தோன்றும்.

ஆசை தப்பில்லை. இடம்தான் தப்பு!

ரோட்டில் ரேஸ் விட்டால் ஜெயில். பந்தயத் தளத்தில் விட்டால் கைதட்டல். இரண்டுக்கும் தேவை ஒரு கார்தான். அந்தக் காரை எப்படித் தேர்ந்தெடுப்பது, எவ்வளவு பணம் போடுவது, எங்கே ஏமாறுவார்கள் என்ற விவரம் வருமாறு:-

3 மாதம் உள்ளே!

பொது ரோட்டில் பந்தயம் விடுவது மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின்படி குற்றம். 2019-ல் சட்டம் திருத்தப்பட்டது. முதல் தடவை பிடிபட்டால் 3 மாதம் வரை ஜெயில், அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் ஒரு வருடம் வரை உள்ளே இருக்க வேண்டும். அபராதமும் 10 ஆயிரம் வரை ஏறும்.

அபராதத்தைக் கட்டிவிடலாம். உயிரை யார் கட்டுவது?

14 கி.மீ. கிரிவலப் பாதையில் எந்த நேரமும் யாராவது நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள். பவுர்ணமி என்றால் லட்சக்கணக்கில் ஜனம். இருட்டில் செருப்பில்லாமல் நடந்து வரும் ஒரு பாட்டி மேல் கார் மோதினால், அது பந்தயம் இல்லை, கொலை.

சோழவரம் தெரியுமா?

கார் பந்தயம் என்றால் ஏதோ வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. இந்தியாவில் அதற்குத் தலைநகர் மாதிரி இருந்ததே தமிழ்நாடுதான்.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் இருந்தது. போர் முடிந்த பிறகு அதிலே கார் ஓட ஆரம்பித்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயத்தைப் பார்க்க ஜனம் கூட்டம் கூட்டமாகப் போனது.

ராஜாக்களும் தொழிலதிபர்களும் வெளிநாட்டுக் காரில் பறந்தார்கள். அதே ஓடுதளத்தில் சாதாரண ஆட்கள் பியட் காரிலும், சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரிலும் சீறினார்கள். தெருவில் ஓடிய அதே கார்தான். சீட்டைக் கழற்றினார்கள், சைலன்சரை மாற்றினார்கள், பந்தயத்துக்குக் கிளம்பினார்கள்.

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தளம் வந்தது. நீளம் சுமார் 3.7 கி.மீ. திருவண்ணாமலையில் இருந்து ஆரணி, காஞ்சிபுரம் வழியாக ஒரு காலைப் பொழுதில் போய்ச் சேரலாம். 2003-ல் கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே வந்தது.

மாருதி செய்த புரட்சி

'கரி' என்பது கோவை கரிவர்தனின் பெயர். 1995-ல் காலமான இவர் செய்த காரியம் பெரிது. வெளிநாட்டு ரேஸ் கார் கோடீஸ்வரனுக்குத்தான் கட்டுப்படி ஆகும் என்ற காலத்தில், இரும்புக் குழாயில் சட்டம் அடித்து, மாருதி 800 இஞ்சினை அதில் பொருத்தினார். 1988-ல் 'பார்முலா மாருதி' பிறந்தது.

796 சி.சி. இஞ்சின். குடும்பத்தோடு கோவிலுக்குப் போகிற காரின் இஞ்சின்! அந்தக் காரில் ஆரம்பித்தவர்தான் கோவை நரேன் கார்த்திகேயன். 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, பார்முலா-1 பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் ஆனார். நடிகர் அஜித்குமாரும் பார்முலா மாருதி ஓட்டியவர்தான். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி 991 என்ற பிரிவில் 3-வது இடம் பிடித்தது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். லோட்டஸ் கார் கம்பெனியை உண்டாக்கிய காலின் சாப்மன், முதல் காரை 1948-ல் ஒரு பழைய ஆஸ்டின் செவனை வைத்துத்தான் கட்டினார்.

ஆக, பெரிய கார் வேண்டியதில்லை. சரியான கார் போதும்.

எந்தக் கார் வாங்குவது?

வேங்கிக்காலில் டூவீலர் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி என்று வைத்துக்கொள்வோம். சீட்டு எடுத்த பணம் 2 லட்சம் கையில் இருக்கிறது. "எந்தக் கார்ணே வாங்கலாம்?" என்று கேட்கிறார்.

முதல் பதில்: காரைப் பார்க்காதே தம்பி, விதியைப் பார்!

இந்தியாவில் மோட்டார் பந்தயங்களுக்கு அனுமதி தருவது எப்.எம்.எஸ்.சி.ஐ. என்ற சம்மேளனம். எந்தப் பந்தயத்தில் எத்தனை சி.சி. கார் ஓடலாம், எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்று விதிப் புத்தகம் இருக்கிறது. அதைப் படிக்காமல் கார் வாங்குவது, அளவெடுக்காமல் சட்டை தைக்கிற மாதிரி. கார் பிரமாதமாக இருக்கும், ஓட்டத்தான் விடமாட்டார்கள்.

இரண்டாவது, பாகம் கிடைக்கிற கார். பந்தயத்தில் கார் உடையும். உடையாமல் இருக்காது. உடைந்த சாமானை மறுநாளே வாங்க முடியாவிட்டால், கார் கொட்டகையில் கோழி அடையத்தான் உபயோகப்படும்.

மூன்றாவது, எடை குறைந்த கார். எடை குறைந்தால் பிரேக்குக்கும் டயருக்கும் வேலை குறையும். செலவும் குறையும்.

இந்த மூன்றையும் வைத்துத்தான் மாருதி எஸ்டீம் கார் இந்தியப் பந்தயத் தளங்களில் பல வருடம் கொடிகட்டிப் பறந்தது. 1298 சி.சி., நான்கு சிலிண்டர். பிந்தைய மாடலில் 16 வால்வு, 85 குதிரை சக்தி. 2007-ல் உற்பத்தி நின்றுபோனாலும், ஜிப்சி கிங் ஜீப்பிலும் அதே குடும்பத்து இஞ்சின்தான். அதனால் இஞ்சின் சாமான் கிடைத்தது.

இன்னும் கம்மியில் வேண்டுமா? மாருதி 800 இருக்கிறது. 1983-ல் வெளிவந்தபோது விலை சுமார் 47 ஆயிரத்து 500 ரூபாய். 2014-ல் உற்பத்தி முடிந்தது. வேகம் கம்மிதான். ஆனால் கைகாரன் ஆவதற்கு அது நல்ல வாத்தியார். சக்தி இல்லாத காரில் வளைவில் வேகத்தை விட்டுவிட்டால் திரும்பப் பிடிக்க முடியாது. அதனால் வளைவை ஒழுங்காகப் பிடிக்கக் கற்றுக்கொள்வார்கள்.

2 லட்சம் கணக்கு

'யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பது' என்பார்கள். ரேஸ் காரில் பாதிப் பேர் செய்வது அதுதான். இருக்கிற பணம் முழுவதையும் காரில் போட்டுவிட்டு, ஹெல்மெட்டில் மிச்சம் பிடிக்கிறார்கள்.

காருக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. இன்னொரு பங்கு உயிர் காக்கும் சாமானுக்கு. மீதி டயர், பிரேக், நுழைவுக் கட்டணம், காரை ஏற்றிப் போகும் கூலி.

அமெரிக்காவில் 2006-ல் ஒரு பந்தயம் தொடங்கியது. பெயர் '24 ஹவர்ஸ் ஆப் லெமன்ஸ்'. 500 டாலருக்கு மேல் காருக்குச் செலவு செய்யக் கூடாது என்பது சட்டம். ஆனால் பிரேக், டயர், உயிர் காக்கும் கூண்டு இவற்றுக்குப் போட்ட பணம் அந்த 500-ல் சேராது! காரில் கஞ்சத்தனம் பண்ணலாம், உயிரில் பண்ணக் கூடாது என்பதுதான் அதன் அர்த்தம்.

கேட் பட்டறைக் கூண்டு

கார் உருண்டால் கூரை நசுங்காமல் தாங்குவது உள்ளே அடிக்கும் இரும்புக் கூண்டு. 'ரோல் கேஜ்' என்பார்கள். எப்.ஐ.ஏ. என்ற உலக மோட்டார் சங்கத்தின் விதிப்படி இது சீம்லெஸ் எக்குக் குழாயில் இருக்க வேண்டும். டிரைவரின் பின்னால் நிற்கும் பிரதான வளைவுக்கு 45 மி.மீ. விட்டம், இரண்டரை மி.மீ. கனம், அல்லது 50 மி.மீ. விட்டம், 2 மி.மீ. கனம்.

வீட்டு கேட்டும் ஜன்னல் கிரில்லும் அடிக்கிற பட்டறையில் தண்ணிக் குழாயை வளைத்து "கூண்டு ரெடி" என்று கொடுத்தால் வாங்காதீர்கள். கார் உருளும்போது வெல்டிங் விட்டு, அந்தக் குழாயே ஈட்டி ஆகிவிடும்.

பைக் ஹெல்மெட்டும் உதவாது. கார் ரேஸ் ஹெல்மெட்டின் உள் துணி தீப்பிடிக்காத ரகம். தீ தாங்கும் உடை, பந்தய சீட், தோளையும் இடுப்பையும் சேர்த்துக் கட்டும் பெல்ட், தீயணைப்பு சிலிண்டர், கரண்டை ஒரே இழுப்பில் அறுக்கும் சுவிட்ச் இவையெல்லாம் அடுத்த செலவு. பல சமயம் பழைய காரின் விலையை இவை தாண்டிவிடும்.

பிரேக் ஆயில் கொதிக்கும்!

இஞ்சினை ஏற்றுவதற்கு முன்னால் பிரேக்கைக் கவனிக்க வேண்டும். நேர் ரோட்டில் வேகமாக வந்து, வளைவுக்கு வளைவு பிரேக் அடித்தால் சூட்டில் பிரேக் ஆயிலே கொதிக்கும். ஆவி உண்டாகும். பெடலை மிதித்தால் தரை வரை இறங்கும், கார் நிற்காது!

புது டாட்-3 ஆயில் தாங்க வேண்டிய சூடு குறைந்தது 205 டிகிரி. டாட்-4 என்றால் 230. ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச இது இறங்கிக்கொண்டே போகும். அதனால் ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் புது ஆயில் மாற்றுவது நல்லது. செலவு சில நூறு ரூபாய்தான். லாபம் உயிர்.

சந்தையில் ஏமாறாதீர்கள்

பழைய கார் வாங்கும்போது பளபளப்பைப் பார்க்கக் கூடாது. கீழே படுத்துப் பார்க்க வேண்டும்.

பிளாட்பாரத்திலும், முன் ஷாக் அப்சார்பர் மேலே மாட்டும் இடத்திலும் துரு இருந்தால் அந்தக் கார் வேண்டாம். கூண்டைத் துருவில் வெல்டிங் வைக்க முடியாது. சட்டைப் பையில் ஒரு காந்தம் கொண்டு போங்கள். தகரம் இருக்கிற இடத்தில் ஒட்டும். பட்டி பூசி பெயிண்ட் அடித்த இடத்தில் வழுக்கும்.

இஞ்சின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீரில் எண்ணெய் மிதந்தால் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்புங்கள். சைலன்சரில் நீலப் புகை வந்தால் இஞ்சின் ஆயில் குடிக்கிறது. இஞ்சினை எப்படியும் பிரிக்கத்தான் போகிறோம் என்றால், அதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம்.

ஆர்.சி. புத்தகம், பைனான்ஸ் பாக்கி இல்லை என்ற சான்று, பெயர் மாற்றுவதற்கான 29, 30-ம் நம்பர் படிவங்களில் கையெழுத்து, இவை இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

இன்சூரன்ஸ் கைவிரிக்கும்

பலருக்குத் தெரியாத விஷயம் இது. சாதாரண கார் இன்சூரன்ஸ் பாலிசியில், பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் உபயோகித்தால் செல்லாது என்று அச்சடித்தே இருக்கிறது. பந்தயத்தில் கார் நசுங்கினால் ஒரு பைசா வராது.

அதோடு, சீட்டைப் பிடுங்கிக் கூண்டு அடித்த காரை ரோட்டில் ஓட்டிப் போகவும் கூடாது. லாரியிலோ ரெக்கவரி வண்டியிலோதான் ஏற்ற வேண்டும். போக வரக் கூலியையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆகவே தினமும் கடைக்குப் போகிற காரை, அப்பாவின் காரை, தவணை பாக்கி இருக்கிற காரைப் பந்தயத்துக்குக் கொண்டுபோவது பைத்தியக்காரத்தனம். நாளைக்கே தூக்கிப் போட்டாலும் வீட்டில் அடுப்பு எரியும் என்றால்தான் அது உங்களுடைய ரேஸ் கார்.

கார் இல்லாமலும் ஆரம்பிக்கலாம்

கணக்குப் போட்டால், 2 லட்சத்தில் ஒரு சீசன் முழுக்க ஓட்டுவது நடக்காத காரியம். அதற்காக மனம் உடைய வேண்டாம். வேறு வழி இருக்கிறது.

மண் மைதானத்தில் ஒவ்வொரு காராக நேரம் பார்த்து ஓடும் ஆட்டோகிராஸ் போட்டிக்குச் செலவு குறைவு. வேகத்தை விட நேரக் கணக்கு முக்கியமான டி.எஸ்.டி. ராலி இன்னொன்று. டிராக்கில் ஓட்ட வேண்டும் என்றால் பந்தய அணிகளிடம் காரை வாடகைக்கு எடுக்கலாம். பயிற்சிப் பள்ளிகளும் உண்டு. ஜே.கே. டயர் கம்பெனி புதியவர்களுக்கென்றே 'நோவிஸ் கப்' போட்டியைத் தொடங்கியது.

எதில் இறங்கினாலும் டாக்டர் சர்டிபிகேட்டும் போட்டி லைசென்சும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2024 ஆகஸ்டு கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் பார்முலா-4 கார்கள் பறந்தன. வேலி போட்டு, டாக்டரும் தீயணைப்புப் படையும் தயாராக நிற்க, சுமார் மூன்றரை கி.மீ. ரோட்டையே பந்தயத் தளம் ஆக்கினார்கள். அதே ரோட்டில் மறுவாரம் ஒருவன் தனியாக அந்த வேகத்தில் போனால் போலீஸ் பிடிக்கும். ரோடு ஒன்றுதான். வேலிதான் வித்தியாசம்.

பிள்ளை ரேஸ், ரேஸ் என்று வீட்டில் நச்சரித்தால் அப்பாமார்கள் கம்பை எடுக்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டையில் பந்தயம் நடக்கும்போது கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். கார் பறப்பதை மட்டும் அல்ல, பந்தயம் முடிந்த பிறகு மெக்கானிக்குகள் கறுத்த கையோடு கணக்கு நோட்டைப் புரட்டுவதையும் பார்க்கட்டும்.

அதைப் பார்த்த பிறகும் ஆசை இருந்தால், பையன் தாராளமாகக் கார் பார்க்கக் கிளம்பலாம். காந்தத்தை மறக்காமல் எடுத்துப் போகட்டும்!