எண்ணெயில் புகுந்த காற்று

திருவனந்தபுரத்தில் கிழக்குக் கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கடைத்தெரு, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசர் நிறுவியது, ஆ. மாதவனின் கதைகளால் தமிழ் வாசகர் நன்கறிந்தது. அங்கே மூட்டை ஏற்றிய மோட்டார் சைக்கிளின் பின்புறம் தாழ்வதை எவரும் காணலாம். பின்புறம் தாழ்ந்தால் முகப்பு விளக்கு மேல்நோக்கும். இரவில் நாகர்கோவில் பாதையில் எதிரே வருவோரின் கண் கூசும். பள்ளத்தில் இறங்கும்போது சுருள்வில் முற்றும் ஒடுங்கி வண்டி அதிரும்.

இதற்கு மாற்றாக, சுருள்வில்லை முன்னதாகவே சிறிது அழுத்தி வைப்பதை முன்னழுத்தம் என்கிறோம். இதனால் வில் கடினமாகிவிடும் எனப் பலர் கருதுவது பிழை. வில்லின் விறைப்பு மாறுவதில்லை. தாழ்ந்த வண்டி பழைய உயரத்திற்கு மீளுகிறது, அவ்வளவே. பல வண்டிகளில் படிகள் வெட்டிய வளையம் ஒன்றை ஸ்பானரால் திருப்புவர். சுஸூகி வி-ஸ்ட்ராம் 650 போன்ற பெரிய வண்டிகளிலோ பக்கத்திலுள்ள கைத்திருகைத் திருப்பினால் போதும். அது சிறு பிஸ்டன் ஒன்றைத் தள்ள, எண்ணெய் குழாய் வழியே சென்று வில்லின் ஒரு முனையிலுள்ள வளைய அறையில் புகுந்து வில்லை அழுத்துகிறது. பாஸ்கல் கண்ட விதியே இது. 1795இல் பிராமா காப்புரிமை பெற்ற நீரழுத்த எந்திரமும் இதனையே ஆதாரமாகக் கொண்டது.

நாளடைவில் ரப்பர் அடைப்புகளின் வழியே எண்ணெய் கசிந்து, காற்று அவ்விடத்தில் புகுகிறது. 50 வளிமண்டல அழுத்தத்தில் எண்ணெய் ஆயிரத்தில் மூன்று பங்களவே சுருங்கும். காற்றோ ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்காக ஒடுங்கிவிடும். ஆகவே திருகு எளிதாகத் திரும்பும், வில் அசையாது. சுமைக்கேற்பத் திருத்திவிட்டோம் என்று நம்பி ஓட்டுநர் புறப்படுகிறார். ஆபத்து அந்த நம்பிக்கையில்தான் உள்ளது.

திருத்தும் முறை கடினமன்று. வண்டியை நிலைதாங்கியில் ஏற்றிப் பின்சக்கரத்தைத் தொங்கவிடுக. கைத்திருகை முற்றிலும் தளர்த்துக. குழாய் இணைப்பைச் சுற்றியுள்ள தூசியைத் துடைத்தபின், அதனை மற்றப் பகுதிகளிலும் உயரமாகப் பிடித்துத் திறக்க வேண்டும். தயாரிப்பாளர் குறித்த எண்ணெயை ஊசியற்ற மருந்துக் குழலால் மெல்லச் செலுத்தி, குழாயை விரலால் தட்டிக் கொடுத்தால் காற்றுக் குமிழ்கள் மேலேறும். அவை நிற்கும்வரை பொறுமை வேண்டும். அவசரக்காரர் இதே வேலையை மறுவாரமும் செய்வர். பின்னர்ப் புதிய தாமிர வாஷர் இட்டு மூடுக. கையில் கிடைத்ததென்று பிரேக் திரவத்தை ஊற்றலாகாது. கனிம எண்ணெய்க்கென அமைந்த ரப்பரை அது கெடுத்துவிடும். அதிர்வுதாங்கியின் உடலை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. பல வகைகளில் உயரழுத்த வாயு அடைபட்டிருக்கும்.

வண்டியைத் தரையில் இறக்கியபின், திருகிலுள்ள எண்ணை நம்பாமல் அளவுநாடாவை நம்புக. சக்கர அச்சிலிருந்து இருக்கையின் கீழுள்ள ஓர் இடம்வரை அளந்து, திருகை ஏற்றி, பின்புறத்தை இருமுறை அழுத்தி விட்டு மீண்டும் அளக்க வேண்டும். உயரம் கூடவில்லையெனில் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். இரு மருந்துக் குழல்களை ரப்பர்க் குழாயால் இணைத்து, சாய நீரால் நிரப்பி ஒன்றை அழுத்தினால் மற்றது உடனே நகரும். சிறிது காற்றை உட்புகவிட்டு, எதிர்ப்புறத்தை ஒரு மாணவன் விரலால் தடுக்கும்போது அழுத்தினால், கை முதலில் வீணாக உள்ளே செல்வது தெரியும்.