பத்திரமான பணம்

"கால் காசு உத்தியோகமானாலும் சர்க்கார் உத்தியோகமாக இருக்க வேண்டும்" என்பது நம் பெற்றோர்கள் பலருக்குத் தாரக மந்திரம். இளைஞர்கள் இதைக் கேட்டு நகைக்கிறார்கள். நகைப்பதற்கு முன்னால், அந்த மந்திரம் எந்தப் பயத்திலிருந்து பிறந்தது என்று யோசித்துப் பார்ப்பது நலம்.

நாஞ்சில் நாட்டின் கிழக்குக் கோடியிலுள்ள அஞ்சுகிராமத்தை எடுத்துக்கொள்வோம். மன்னர் ஆட்சிக் காலத்தில் அது திருவாங்கூர் சமஸ்தானத்து ஊர். எல்லையைத் தாண்டினால் பிரிட்டிஷாரின் திருநெல்வேலி ஜில்லா. திருவாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ 28½ சக்கரம். எல்லையோரத்துக் குடும்பஸ்தன் அந்த அரைச் சக்கரத்துக்கும் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. அப்படிப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பணத்தை அரிசிப் பானைக்குள் வைத்தால் வட்டியில்லை. பாங்கியில் போட்டால் வட்டி உண்டு. ஆனால் பத்திரம் உண்டா?

அந்தக் கேள்விக்கு 1938-ம் வருஷம் கொடிய விடை ஒன்று கிடைத்தது. திருவாங்கூர் நேஷனல் பாங்கியும் குயிலான் பாங்கியும் 1937-ல் ஒன்றுகூடிப் பெரிய ஸ்தாபனமாயின. மறு வருஷம் ஜூன் மாதத்திலேயே அது பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. அதன் தலைவர்களான கே. சி. மாம்மன் மாப்பிள்ளையும் சி. பி. மாத்தனும் சிறை சென்றார்கள். திவான் ஸர் சி. பி. ராமஸ்வாமி அய்யரின் பகைமையே காரணம் என்று ஒரு சாராரும், நிர்வாகக் கோளாறே காரணம் என்று மற்றொரு சாராரும் வாதிட்டனர். வாதத்தில் யார் வென்றால் என்ன? பெண்ணின் கல்யாணத்துக்கென்று பணம் போட்டு வைத்தவனுக்கு முகூர்த்தம் காத்திருக்குமா?

வெள்ளைக்காரர் கம்பெனியானால் கவலையில்லை என்று எண்ணியவர்களுக்கு அதற்கு முன்பே பாடம் கிடைத்திருந்தது. சென்னையில் பெரும் புகழுடன் விளங்கிய அர்பத்நாட் கம்பெனி 1906-ல் முறிந்தது. அந்த அடியிலிருந்துதான் வி. கிருஷ்ணஸ்வாமி அய்யர் முதலியோரின் முயற்சியால் 1907-ல் சுதேசி ஸ்தாபனமாக இந்தியன் பாங்கி தோன்றியது. ஆயினும் சுதேசி என்ற பெயர் மட்டுமே காப்பாகாது என்பதைத் திருவாங்கூர் காட்டியது. பாங்கியின் மேல் கண்காணிப்பும், போட்ட பணத்துக்குச் சட்டத்தின் காப்பும் வேண்டும்.

சுதந்திர இந்தியாவிலும் அந்தக் காப்பு ஒரு வீழ்ச்சிக்குப் பிறகே வந்தது. 1960-ல் பாலாய் சென்ட்ரல் பாங்கி மூடப்பட்டது. 1961-ல் சட்டம் செய்து, 1962 ஜனவரி முதல் டெபாஸிட்டுகளுக்கு இன்ஷியூரன்ஸ் ஏற்படுத்தினார்கள். அப்போது ஒருவருக்கு ஒரு பாங்கியில் 1,500 ரூபாய் வரை காப்பு. 2020 முதல் அசலும் வட்டியும் சேர்ந்து 5 லட்சம் வரை. வர்த்தக பாங்கிகளுக்கும் கூட்டுறவு பாங்கிகளுக்கும் இது உண்டு. கிராமத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும், நிதிக் கம்பெனிகளுக்கும், சீட்டுகளுக்கும் இல்லை. இந்த வேறுபாட்டை அறியாமல் அரை வட்டி அதிகம் என்று ஓடுகிறவர்கள் இன்றும் எத்தனை பேர்!

சர்க்கார் உத்தியோகம் மட்டும் அசையாத மலையா? தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் முதல் வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் நின்று, பங்களிப்புத் திட்டம் வந்தது. தாரக மந்திரமும் அன்று சற்றுத் தளர்ந்தது.

ஆகையால் வீட்டு எஜமானரும் எஜமானியம்மாளும் சேர்ந்து உட்கார்ந்து சில கேள்விகள் கேட்டுக்கொள்வது நல்லது. நம் பணம் இருக்குமிடத்துக்கு இன்ஷியூரன்ஸ் உண்டா? உண்டென்றால், ஒரே பாங்கியில் வரம்புக்கு மேல் போட்டிருக்கிறோமா? சீட்டு என்றால், 1982-ம் வருஷச் சட்டப்படி பதிவு செய்ததா? சம்பளம் ஆறு மாதம் நின்றால் அடுப்பு எரியுமா?

இவற்றைக் கேட்பது அவநம்பிக்கையாகாது. வியர்வை சிந்திச் சேர்த்த பணத்துக்குச் செய்யவேண்டிய மரியாதை அது.